பத்திரங்களில் கிடைத்த எள்ளுப்பாட்டி

குடும்ப வரலாற்றைத் தேடுகையில் யாரும் பேசாத, ஆனால் மிகத் துணிச்சலான ஒரு பெண் மூதாதையைக் கண்டறிந்தவர்கள் உண்டா, எப்படிக் கண்டறிந்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படிக் கிடைத்தவர் என் தாத்தாவின் பாட்டி. எங்கள் வீட்டில் வாய்வழியாக வந்த வம்சாவளியில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே உண்டு. சிறு வயதில் தகப்பனை இழந்த இரண்டு பையன்களைச் சித்தப்பாமார்கள் வளர்த்து ஆளாக்கினார்கள் என்ற ஒரே வரியோடு அந்தத் தலைமுறையின் கதை முடிந்துவிடும். பையன்களின் தாயைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அவர் இருந்ததை எனக்குச் சொன்னது ஓர் அடமானப் பத்திரம். "மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று தொடங்கி அவர் பெயர் வருகிறது. முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல் இருக்கிறது. விகிர்தி வருடம் மாசி மாதம் என்று தேதியும், பசலி 1300க்கான தீர்வை பாக்கி என்ற குறிப்பும் இருந்தன. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு; அதோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அதாவது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. விகிர்தி 1890 சித்திரையில் பிறந்த வருடம் என்பதால், பத்திரம் 1891இன் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்று உறுதி செய்துகொள்ள முடிந்தது.

இத்தகைய பத்திரங்களில் கடன் வாங்கும் காரணங்களை விரிவாக எழுதுவது அக்கால வழக்கம். அதற்குப் பின்னால் சட்டம் இருந்தது. மைனர் மகனின் சொத்தைத் தாய் அடமானம் வைத்ததைப் பற்றிய அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில், 1856இல், குடும்பத்துக்கு உண்மையான அவசியம் இருந்தால்தான் அத்தகைய கடன் மைனரைக் கட்டுப்படுத்தும் என்றும், கடன் கொடுப்பவர் அந்த அவசியத்தை விசாரித்தறிய வேண்டும் என்றும், அக்காலத்தில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆகவே கடன் கொடுத்தவர், பிற்காலத்தில் பையன்கள் வளர்ந்து வழக்குப் போட்டாலும் தன் பணம் போகாமலிருக்க, ஒவ்வொரு காரணத்தையும் எழுதி வாங்கினார். அவர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதி வாங்கிய அந்தப் பத்திதான், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாற்றுக்கு மிக அருகில் வருவதாக எனக்குத் தோன்றுகிறது. தீர்வை பாக்கி, புருஷன் வைத்துப்போன கடன் ஆகியவற்றுக்குப் பிறகு, "பாக வழக்குச் செலவு வகையில்" என்று ஓர் இனம் இருந்தது.

அந்த இனத்தைப் பின்தொடர்ந்தபோது, அடமானப் பத்திரம் இருந்த அதே காகிதக் கட்டுக்குள் முன்சீப் கோர்ட்டு டிக்ரி (தீர்ப்பாணை) நகல் ஒன்று கிடைத்தது. பையன்களை வளர்த்ததாகச் சொல்லப்பட்ட கொழுந்தன்மார்கள்மீதே, மைனர்களின் சார்பில் பாகம் கேட்டு வழக்குப் போட்டு வென்றிருக்கிறார். கூட்டுக் குடும்பத்து விதவைக்கு ஜீவனாம்சத்துக்கு மேல் உரிமை இல்லாத காலம் அது. 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும்வரை கணவனின் பங்கு அவருக்கு வராது. தமக்கென எதையும் கேட்க முடியாதவர், பிள்ளைகளின் பெயரால் கேட்டு வாங்கினார்.

பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடினேன். பெண்களைத் தேடுபவர்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது: வில்லங்கம் பார்க்கும்போது நாம் சர்வே எண்ணை வைத்தே தேடுகிறோம், ஆனால் பதிவுச் சட்டப்படி முதலாம் அட்டவணை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் ஆகியோரின் பெயர்வாரியாக உள்ளது. சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும், கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். அவர் பெயரைக் கொண்டு தேடியபோது, கடன் வாங்கியவர் சில ஆண்டுகளில் கடன் கொடுப்பவராக மாறியிருப்பது தெரிந்தது. அவரிடம் கடன் வாங்கியவர்களில் ஒருவர் அவருடைய இளைய கொழுந்தன்; கடன் தீராமல் நிலத்தை அவருக்கே கிரயம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த இடத்தில் அவரை வீரமங்கையாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கொழுந்தனின் வழிவந்தவர்கள் எழுதினால், இதே பத்திரங்களிலிருந்து வேறொரு கதை வரக்கூடும், அதுவும் பொய்யாக இருக்காது. சித்தப்பாமார்கள் வளர்த்த கதையும், இரு கிளைகளும் மறுபடி உறவு கொண்டாடத் தொடங்கிய பிறகு பிறந்ததாகவே இருக்கும் என்பது என் ஊகம். வழக்கை மறந்தாக வேண்டுமானால், வழக்குப் போட்டவரையும் மறக்க வேண்டியிருந்திருக்கும்.

உயில்கள் பதிவாகும் மூன்றாம் புத்தகத்தின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பிறர் பெற முடியாது. இறந்த பின் விண்ணப்பிக்கும் எவருக்கும் கிடைக்கும். அவருடைய உயிலை அப்படித்தான் பெற்றேன். தாம் சம்பாதித்த நிலம் முழுவதையும், தகப்பன் வழிச் சொத்து ஏற்கனவே கிடைத்துவிட்ட மகன்களுக்குக் கொடுக்காமல், ஒரு மகளுக்கு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வம்சாவளியில் அப்படி ஒரு மகளே கிடையாது. உயிலில் அந்த மகள் வாழ்க்கைப்பட்ட ஊரின் பெயர் இருப்பதால், அந்த ஊர் எந்தச் சார்பதிவகத்துக்கு உட்பட்டிருந்தது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.