பாடத் தெரியாதவருக்குப் பாட்டு கம்பெனியில் என்ன வேலை?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். ஒரு பாட்டு கம்பெனியில் ராயல்டி கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. "ஒருநாள் நானே ஒரு கம்பெனியை நடத்துவேன்" என்கிறாள். என் தம்பி கானா பாடுகிறவன். "என் பாட்டை நாலாயிரம் ரூபாய்க்கு எழுதி வாங்கினவனுங்க அவனுங்க. அந்தத் திருட்டுப் பொழப்புக்கு நம்ம வீட்டுப் பொண்ணா?" என்று இரண்டு வாரமாக வீட்டில் சண்டை. பாட்டு பாடத் தெரியாமல், மேளம் அடிக்கத் தெரியாமல் இசைத்துறையில் என்ன உத்தியோகம் இது? பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லட்டுமா?
(பெயர் வேண்டாம் என்கிறார், தண்டையார்பேட்டை)

பதில்: அனுப்பிவையுங்கள் அம்மா. பேங்க் பரீட்சை அடுத்த வருடமும் வரும்.

உங்கள் தம்பியின் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். அவர் வந்து சேர்ந்திருக்கிற முடிவுதான் தப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் நம்ம ஏரியா ஆள் ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. அவரிடம் கையெழுத்து வாங்குவது அத்தனை சுலபமாக முடிந்ததற்கு அதுதான் காரணம். அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும்போது, போகாதே என்று தடுப்பது யாருக்கு லாபம்?

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 1991, எனக்கு 21 வயது. ராயபுரத்தில் எங்கள் தெரு அம்மன் மேல் நான் எழுதிய ஆறு பாட்டுகளை ஒரு கேசட் கம்பெனி வாங்கிக்கொண்டது. மாடியில் ஆபீஸ். கண்ணாடி மேஜை மேல் ஸ்டாம்ப் பேப்பர், அதோடு பின் அடித்த மூன்று பக்க இங்கிலீஷ். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார். காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். 750 ரூபாய். படியிறங்கும்போது டைப்பிஸ்ட் அக்கா பின்னாலேயே வந்தார். கொருக்குப்பேட்டையில் என் அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். "அட்டையில உன் பேரு வரும்னு எழுதியிருக்கா, பாத்தியா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். நான் பார்க்கவில்லை. எழுதியிருக்கவும் இல்லை. கேசட் அட்டையில் அம்மன் படம் இருந்தது, பாடியவர் பெயர் இருந்தது, கம்பெனி முத்திரை இருந்தது. இன்றைக்கும் ஆடியில் கூழ் ஊற்றுகிற நாளன்று விடிகாலை ஐந்து மணிக்கே குழாய் ஸ்பீக்கரில் என் வரிகள்தான் தெருவை எழுப்புகின்றன. அது அப்பா எழுதியது என்று என் மகனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

அந்த மாடியில் என் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டவர் அந்த அக்கா ஒருவர்தான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. அன்று அவர் மேனேஜர் நாற்காலியில் இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

பாடத் தெரியாமல் என்ன உத்தியோகம் என்று கேட்கிறீர்கள். பாட்டு ஒருவர் தொண்டையில் பிறக்கிறது. அதை ஊரெல்லாம் கேட்க வைத்து, காசாக்கி, அந்தக் காசை எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பாடினவருக்கும் கொண்டுசேர்க்க இன்னொரு கூட்டம் வேண்டும். புதுக் குரலைத் தேடிப் பிடிப்பது ஒரு வேலை. ஒப்பந்தம் எழுதுவது ஒரு வேலை. பழைய பாட்டைச் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் உரிமம் கொடுப்பது ஒரு வேலை. பாட்டு ஓடி வருகிற காசில் எழுதினவர், மெட்டுப் போட்டவர் போன்றோருக்குச் சேர வேண்டிய பங்குதான் ராயல்டி. உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் ராயல்டி கணக்குதான் இவற்றின் அஸ்திவாரம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி உண்டு. அந்தக் குறியோடு, எழுதினவர் பெயர், இசையமைத்தவர் பெயர் என்று கட்டங்கள் வரும். 'எழுதினவர்' கட்டம் காலியாகக் கிடந்தால் பணம் வழி தெரியாமல் நின்றுவிடும். வேறொருவர் பெயர் ஏறியிருந்தால் அவர் கணக்குக்குப் போய்ச் சேரும். பாடினவன் தன் சொந்தப் பாட்டை யூடியூபில் ஏற்றும்போது, அது தங்களுடையது என்று யாரோ உரிமை கோரி வருமானத்தை எடுத்துக்கொள்வதும் இப்படி நடக்கலாம். புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ சாவு வீட்டில் விடிய விடிய பாடிப் பழகின ஒரு பையனுக்கு இந்தக் கட்டத்தைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்தது?

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு ஊர். நம் எண்ணூரில் லாரி செய்கிற மாதிரி அங்கே கார். லிங்கன்-மெர்க்குரி தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர் பாட்டு எழுதி விற்றுப் பார்த்தார். கைக்கு வந்தது சொற்பம். 1959-இல், குடும்பத்தார் சேர்ந்து போட்டுவைத்திருந்த பொதுப் பணத்திலிருந்து 800 டாலர் கடன் வாங்கிச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். நம் வீட்டில் சீட்டுப் பணம் எடுத்துக் கடை போடுவதைப் போலத்தான். அதுதான் மோடவுன். தெருமுனையில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உலகம் முழுக்கக் கொண்டுபோன கம்பெனி. வணிகத்தைக் கவனித்ததில் அவருடைய அக்கா எஸ்தருக்குப் பெரிய பங்கு உண்டு. 1988-இல் மோடவுன் விலைபோனது 6 கோடியே 10 லட்சம் டாலருக்கு.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் தம்பியிடம் நான் பொய் சொன்னவன் ஆவேன். அதே மோடவுனில் பெரிய வெற்றிப் பாட்டுகளை எழுதிய மூவர் காசுத் தகராறில் பிரிந்தார்கள். 1968-இல் இரு தரப்பும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. இதை உங்கள் மகள் வேலைக்குப் போகும் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும்.

பாட்டு கம்பெனி நடத்திய இன்னொருவர் கிளைவ் டேவிஸ், அமெரிக்க வக்கீல். கொலம்பியா ரெக்கார்ட்ஸ் என்ற பாட்டு கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்ந்து 1967-இல் தலைவரானார். அந்த வருடமே ஒரு திறந்தவெளி விழாவில் ஜானிஸ் ஜோப்ளின் என்ற ராக் பாடகி பாடியதைக் கேட்டு, கம்பெனிக்குள் கொண்டுவந்தார். நம்மூரில் ஏ.வி. மெய்யப்பன் படமெடுக்க வருவதற்கு முன் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரி. கடைக்கு வருகிறவர்கள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தேறிய காது அது. பி.காம். கணக்கிலிருந்து ஒரு கம்பெனித் தலைவி வர முடியாது என்று யார் சொன்னது?

சட்டமும் இப்போது என் காலத்துச் சட்டம் இல்லை. 2012-இல் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையை விற்றாலும், ராயல்டியில் வாங்கினவருக்குச் சமமான பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை எழுதிக் கொடுக்கலாம். மாற்றி எழுதின ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது. சட்டத்தின் 19-ஆம் பிரிவில் இன்னும் இரண்டு உண்டு. எத்தனை வருடத்துக்கு என்று பத்திரத்தில் எழுதவில்லை என்றால் 5 வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. உங்கள் தம்பி தன் பாட்டைத் தானே எழுதுகிறவர்தானே? அவர் அதில் உறுப்பினரா என்று கேளுங்கள்.

மகளுக்குச் சில வார்த்தை. ஆரம்பச் சம்பளம் சிறியதாகத்தான் இருக்கும். பெரிய கம்பெனிகள் பலவற்றுக்கு மும்பைதான் தலைமையிடம், ஒருநாள் ஊர் மாற வேண்டி வரலாம். 'ஆறே மாதத்தில் மியூசிக் பிசினஸ்' என்று லட்சக்கணக்கில் கேட்கிற கோர்ஸ் எதிலும் இப்போது பணத்தைக் கொட்ட வேண்டாம். முடிந்தால் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படிக்கட்டும். ஆபீசில் யாராவது கானாவை "குத்துப்பாட்டு" என்று ஒதுக்கினால், கோபப்படாமல் தன் தாய்மாமன் பாட்டைப் போட்டுக் காட்டட்டும்.

உங்கள் தம்பி கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா? பீரோவிலோ, பரண் மேல் டோலக் உறைக்குள்ளேயோ, எங்கே இருந்தாலும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நகல் கொடுக்கவே இல்லை என்றால் கம்பெனிக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். தேதியையும் வருடக் கணக்கையும் முதலில் பார்க்க வேண்டும். அதை எனக்கு அனுப்ப வேண்டாம். மகள் வேலைக்குச் சேர்வதற்குள் அவள் கையில் கொடுங்கள். மாமனும் மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கட்டும்.