ராஜா சும்மாவா இருந்தார்?

கேள்வி: ஜார்ஜ் மன்னர்கள் காலத்து லண்டனில் இளவரசர்களின் காதல் லீலைகளைக் கேலிப்படமாகப் போட்டுக் கடையில் விற்றார்களாமே, ராஜா சும்மாவா இருந்தார்?

பதில்: சும்மா இருக்கவில்லை, காசு கொடுத்து வாங்கினார். சும்மா படிப்பவர் நீங்கள்தான். சலூனில் கிடந்த நம் இதழைப் புரட்டியபோது இந்தக் கேள்வி தோன்றியதாக நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்! உங்கள் இனம் லண்டனிலும் இருந்தது. ஹன்னா ஹம்ஃப்ரி அம்மையாரின் படக்கடை ஜன்னலில் புதுப் படம் மாட்டினால் போதும், தெருவே கூடிச் சிரித்துவிட்டுக் கலைந்துவிடும். உள்ளே போய்ச் சில்லறையை எடுத்தவர்கள் வசதியான வீட்டுக்காரர்கள். அரண்மனையும் அதில் சேர்த்தி.

அதே கடை மாடியில் குடியிருந்தவர்தான் கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரே. ராஜாவின் இரண்டாவது மகன் யார்க் கோமகன் பிரஷ்ய இளவரசியைக் கட்டிக்கொண்டதும், அந்த அம்மணியின் குட்டிப் பாதங்களைப் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. கில்ரே 1792இல் ஒரு படம் போட்டார். முகமே கிடையாது. மேல்நோக்கிய இரண்டு சின்ன ரத்தினச் செருப்புகள், நடுவில் கவிழ்ந்த இரண்டு பெரிய பூட்ஸ். அவ்வளவுதான். மீதியை ஊரே வரைந்துகொண்டது.

மூத்த மகன், பட்டத்து இளவரசரான வேல்ஸ் இளவரசர் கதை வேறு. கத்தோலிக்க விதவை மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை 1785இல் ரகசியமாகக் கல்யாணம் செய்தார். 1772ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராஜாவின் சம்மதம் இல்லாத அந்தக் கல்யாணம் செல்லாது. ரகசியம் என்றால் கேட்க வேண்டுமா? மறு வருடமே படமாகி ஜன்னலுக்கு வந்துவிட்டது. மனிதர் தன்னைக் கிழித்த படங்களையும் வாங்கிச் சேர்த்தார், சிலவற்றை வெளியே வராமல் தடுக்கவும் பணம் கொடுத்தார். நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறிய 1820இல், ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்ற ஓவியருக்கு 100 பவுண்டு போனது. 'மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரையமாட்டேன்' என்பது உறுதிமொழி. ஒழுக்கமான நிலையில் தாராளமாக வரையலாம். அந்த நிலையில் மன்னர் அகப்பட வேண்டுமே!

இங்கே அந்தத் தாராளத்துக்கு வழியில்லை. நம் ஓவியர் கேலி செய்த ஒரு முன்னாள் அமைச்சர், வீட்டில் மாட்ட வேண்டும் என்று மூலப்படத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். காசா? மூச்! பிரேம் போட்ட பில் மட்டும் நம் அலுவலகத்துக்கு வந்தது.