அப்பா அடிச்சதாலதான் தம்பிக்கு இப்படி ஆச்சா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயசு. ரெண்டு வருஷமா காதுல யாரோ பேசற மாதிரி கேக்குதுங்கறான், டாக்டர் ஸ்கிசோஃப்ரீனியான்னு மாத்திரை கொடுத்திருக்கார். சின்ன வயசுல அப்பா குடிச்சிட்டு வந்து அவனைத்தான் பெல்ட்டால அடிப்பார். இப்பவும் யாராவது சத்தமா பேசினா சுவரோரமா ஒடுங்கிடறான். அந்த அடிதான் காரணமா? அம்மா தன்னையே திட்டிக்கிட்டு அழறாங்க.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மாவை அழ வேணாம்னு சொல்லுங்கம்மா. இந்த நோய் ஒரே காரணத்தால வர்றதில்ல, பரம்பரைக்கு இதுல பெரிய பங்கு இருக்கு, அடி வாங்கின பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது வர்றதும் இல்ல. அதுக்காக அடிக்கு சம்பந்தமே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன். 2012-ல 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, சின்ன வயசுல கொடுமை அனுபவிச்சவங்களுக்கு சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேக்கறது மாதிரி நிஜத்தோட தொடர்பு விட்டுப்போற நிலை, ஸ்கிசோஃப்ரீனியாவும் அதுல ஒண்ணு) வர்ற சாத்தியம் கிட்டத்தட்ட 2.8 மடங்குன்னு தெரிஞ்சுது.

தம்பி ஒடுங்கறான்னு எழுதியிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் விளக்கறேன். மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம் பருப்பு மாதிரி அமிக்டலான்னு ஒண்ணு இருக்கு, ஆபத்துன்னா முதல்ல அலறுறது அதுதான். நெத்திக்குப் பின்னாடி இருக்கற ப்ரீஃப்ரன்டல் பகுதி "ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டு டிவி சத்தம்தான்"னு அதை அடக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இணைப்பு வளர்றதே சின்ன வயசுலயும் டீன் ஏஜ்லயும்தான், அந்த நேரத்துல தினம் ராத்திரி கேட் சத்தம் கேட்டாலே நடுங்கற பிள்ளைக்கு அலாரம் பலமாவும் பிரேக் பலவீனமாவும் வளர்ந்துடலாம். பயத்துலயும் பதட்டத்துலயும் சுரக்கற கார்டிசால்ங்கற ஹார்மோன் ரொம்ப நாள் ஏறியே இருந்தா மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதியும் பாதிக்கலாம், "இது அப்ப நடந்தது, இப்ப இல்ல"ன்னு பிரிச்சுச் சொல்ற இடம் அது. எது முக்கியம்னு மூளைக்குக் காட்டற டோபமைன்ங்கற ரசாயனமும் அளவு மீறிச் சுரந்தா தெருவுல எவனோ இருமினாகூட தன்னைக் குறிச்சுத்தான்னு தோணும்.

அவன் நடிக்கலம்மா, நிஜமாவே பயப்படறான்.

இதைக் கண்டுபிடிக்கறேன்னு ஸ்கேனுக்குப் பணம் செலவழிக்காதீங்க, ஒரு ஆளோட ஸ்கேனைப் பார்த்து இது அடியால வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தாதீங்க. அடி விஷயத்தை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க, பல இடத்துல கேக்கறதே இல்ல. நெதர்லாந்துல சைக்கோசிஸ் இருக்கற 155 பேரை வச்சு 2015-ல வெளிவந்த ஆய்வுல, பழைய மனக்காயத்துக்கான தெரபி அவங்களுக்கும் பாதுகாப்பா பலன் கொடுத்துது. உடனே பேச ஆள் வேணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்.

வீட்டுல குரலைத் தாழ்த்திப் பேசுங்க, எந்நேரமும் குத்தம் சொல்ற வீட்டுல நோய் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். அப்பா இன்னும் அதே வீட்டுல குடிச்சிட்டுத்தான் இருக்காரான்னு நீங்க எழுதல. இருந்தா அவரையும் சேர்த்தே அடுத்த முறை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.