கருங்கரடிக்குக் கைத்துப்பாக்கி: காலிபருக்கு முன் விசா

தம்பி, எச்-1பி விசாவில் பென்சில்வேனியாவுக்கு வந்திருப்பதாகவும், அலுவலக நண்பர்கள் கரடி வேட்டைக்கு அழைப்பதாகவும், கைத்துப்பாக்கி வாங்கினால் எந்தக் காலிபர், அதாவது எந்தக் குண்டு விட்ட அளவு, ஏற்றது என்றும் கேட்டிருக்கிறீர்கள். காலிபரைப் பற்றி இந்த ஊரில் எவரைக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள். விசாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களைப் போல் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அதற்குள்ள விலக்குகளில் உங்களுக்குப் பயன்படக்கூடியது, இந்நாட்டு மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அந்த உரிமம் கைக்கு வருவதற்கு முன், சுடும் பயிற்சிக் களத்தில் நண்பரின் துப்பாக்கியை வாங்கி ஒருமுறை சுட்டுப் பார்ப்பதுகூட வினையாகலாம். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில் பொய் எழுதுவது பெருங்குற்றம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையே நாடு கடத்த முடியும். பொங்கல் விழாவில் தட்டை ஏந்திக்கொண்டு "அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று தைரியம் சொல்லும் நம்மவர்கள் அனைவரும் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமம் பெறுங்கள். கரடிக்குத் தனி உரிமம் வேண்டும்.

இனி காலிபர். ஒன்பது மில்லிமீட்டரை மறந்துவிடுங்கள். அது இந்த வேலைக்கு உரியதன்று. .357 மேக்னம் என்னும் சக்தி மிகுந்த தோட்டா, 158 கிரெயினும் (கிரெயின் என்பது குண்டின் எடையளவு) அதற்கு மேலுமான கனத்த குண்டுடன், அருகில் அசையாமல் நிற்கும் கரடிக்குப் போதும் என்றாலும், அதைக் கீழ் எல்லையாகவே கொள்ளுங்கள். என் கணக்கில் சரியானது 1955-இல் வந்த .44 மேக்னம்தான்: நீண்ட குழலுள்ள ரிவால்வரில் 240 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,300 அடிக்கு மேல் பாயும். அதே ரிவால்வரில், சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதை குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டாக்களைப் போட்டுப் பழகலாம் என்பது புதியவருக்குப் பெரிய வசதி. 10 மி.மீ. நல்ல தோட்டாவே, ஆனால் அது பெரும்பாலும், அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக்கில் வருவது, எனவே அந்த வகை கரடி வேட்டைக்கு அனுமதிக்கப்பட்டதா என்று நம் மாநில விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். .500 மேக்னத்தை வாங்கிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள், இரண்டாம் தோட்டாவுக்கே கண்ணை மூடிக்கொள்வதைக் களத்தில் பார்த்திருக்கிறேன்.

இங்கு அறுநூறு பவுண்டைத் தாண்டும் ஆண் கரடிகளும் உண்டு. அடர்ந்த உரோமமும் கொழுப்பும் குருதியை உறிஞ்சிக்கொள்வதால், காயம்பட்ட கரடியைத் தடம் பார்த்துத் தேடுவது மானைத் தேடுவதைவிடக் கடினம். ஆகவே ஐம்பது கெஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ்ப்பகுதியில் சுட முடிந்தால் மட்டும் சுடுங்கள். உங்கள் நண்பர்கள் வரிசையாக நடந்து லாரல் புதர்களிலிருந்து கரடியைக் கிளப்பும் முறையில் வேட்டையாடுபவர்கள் என்றால் ரைபிளையே எடுங்கள். ஓடும் கரடிமீது கைத்துப்பாக்கியை நீட்டுவதை நான் ஏற்பதில்லை.

நான் வந்த காலத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. சென்னையில் வாங்கிய ஸ்வெட்டரோடு நவம்பர் குளிரில் வந்து சேர்ந்தேன். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போனால் பாதி இயந்திரங்களில் ஆளில்லை. மான் வேட்டையின் முதல் நாளாம், பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறையாம். மறுநாள் திரும்பிவந்த பக்கத்து லேத்துக்காரர், என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு பழைய ஆரஞ்சு நிற மேலங்கியைக் கொடுத்தார். அந்த மனிதர்தான் பின்னாளில் எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். நம் ஆட்கள் பலர் இருபது ஆண்டு இங்கே இருந்தும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக்கூட அறியாமல் இருக்கிறார்கள். நீங்கள் அழைப்பை ஏற்பது எனக்கு மகிழ்ச்சியே.

ஸ்கோப், உறை, தோலைப் பாடம் செய்வது பற்றிய கேள்விகளைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கறியைப் பற்றி மட்டும் ஒன்று: கரடிக் கறியில் டிரிக்கினெல்லா என்னும் புழு இருக்கலாம், அதன் சில வகைகள் உறையவைத்தாலும் சாகாது. உட்பகுதி 160 டிகிரி பாரன்ஹீட்டை எட்ட வேண்டும். ஆட்டுக்கறிக்கு வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக வைத்து, மிளகைத் தாராளமாகப் போடுங்கள்.