கேள்வி – பதில்: பின்வீட்டுப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு

கேள்வி: எங்கள் பின்வீட்டு அறையில் குடியிருக்கும் பெண் ஐந்து மாதம் வாயும் வயிறுமாக இருக்கிறாள். தையல் ஆலை வேலை போய்விட்டது; கணவனுக்கும் நிலையான வேலை இல்லை. கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கப் பணம் ஏதேனும் கிடைக்குமா? நான் என்ன சமைத்துக் கொடுக்கலாம்? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பதில்: அம்மா, குழந்தைக்கான உதவித்தொகை (2025 ஏப்ரலில் மாதம் 560 ரேண்டாக இருந்தது) பிள்ளை பிறந்த பிறகே கிடைக்கும். தாய்க்குச் சத்து மிகுதியாக வேண்டிய மாதங்களில் கை வெறுமையாக இருக்கும்படி விட்டிருப்பது நம் நாட்டு ஏற்பாட்டின் பெருங்குறை என்றே கருதுகிறேன். வருமானமே இல்லாதவர்களுக்கான 370 ரேண்ட் உதவிக்கு அவள் இப்போதே விண்ணப்பிக்கலாம். ஆலைச் சம்பளத்தில் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பிடித்திருந்தால் அதை முதலில் விசாரிக்கட்டும். அந்தப் பணம் வரும் காலத்தில் 370 ரேண்ட் கிடைக்காது. பிள்ளை பிறந்ததும் தாமதிக்காமல் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது.

கர்ப்பிணிகளுக்கு அரசு கிளினிக்கில் 1994 முதல் கட்டணம் இல்லை. ஒரு தவணையும் தவறக் கூடாது. ஆனால் அங்கே கொடுக்கும் இரும்பு மாத்திரை உடம்பில் சேர்கிறதா என்பது வீட்டில்தான் தீர்மானமாகிறது. இப்படி ஓர் அறைக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன்: ஒற்றை அடுப்பு, மேசைக்கடியில் தண்ணீர் வாளி, காலை உணவாக இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, பால் விட்ட தேநீரோடு அந்தப் பெண் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். தேநீர் இரும்பைச் சேரவிடாது. மாத்திரையைத் தண்ணீரோடு, முடிந்தால் ஆரஞ்சுப் பழம் ஒன்றோடு சாப்பிடட்டும். தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கட்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் போட வேண்டாம்.

சமையலுக்கு வருகிறேன். அவள் சாப்பிடும் சோள மாவுக் களியை மட்டமாக எண்ணாதீர்கள். 2003 முதல் சோள மாவிலும் ரொட்டி மாவிலும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலக்க வேண்டும் என்பது சட்டம். குறைவது தொட்டுக்கொள்வதுதான். சுகர் பீன்ஸை (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ் பருப்பு) இரவே ஊறவைத்து, மறுநாள் அந்த நீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைத்துக் கொடுங்கள். டின் மீனை முள்ளோடு மசித்துத் தக்காளியில் குழம்பு வைத்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். உங்கள் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கும் கீரைக்கட்டை அலசி வதக்கி, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். மண்ணோ சாம்பலோ தின்ன ஆசைப்பட்டால் வையாதீர்கள். அது ரத்தக் குறைவோடு வருவது, நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணவனுக்குப் போட்டது போக மீதியைத்தான் அவள் சாப்பிடுகிறாளா? அப்படியானால் நீங்கள் கொடுப்பதைச் சட்டியோடு கொடுத்தனுப்பாமல், பெற்ற தாயைப் போல உங்கள் மேசையிலேயே உட்காரவைத்துப் பரிமாறுங்கள்.