வாசகர் கேள்விகள்: காகிதம், சவுக்கு, காடு

கேள்வி (கல்லூரி மாணவி, விழுப்புரம்): காடுகளைக் காக்க வேண்டும் என்று எழுதும் நீங்களே காகிதத்தில்தானே அச்சிடுகிறீர்கள்? காகிதம் வாங்குவதை நிறுத்தினால் காடு பிழைக்குமா?

பதில்: கேள்வி சுருக்கென்று தைத்தாலும் நியாயமானதுதான். காகிதத்தை வீணாக்கலாகாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இன்று காட்டைப் பெருமளவில் விழுங்குவது காகித ஆலை அன்று. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி ஹெக்டேர் காடு அழிந்தது. காடழிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு பயிர் நிலத்துக்காகவும் மேய்ச்சலுக்காகவுமே நடக்கிறது என்று அதே அமைப்பின் பிந்தைய ஆய்வு கூறுகிறது. விறகுக்காக வெட்டிய காடு, வேரையும் மண்ணையும் விட்டுவைத்தால் மெல்லத் துளிர்க்கும். சோயாவுக்கோ எண்ணெய்ப் பனைக்கோ உழுதுவிட்ட காட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மரத்தின் தேவையைக் காட்டுக்கு வெளியே தீர்க்க முடியும் என்பதற்குச் சான்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மரக்காணம் பக்கம் போனால் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகளைக் காணலாம். சவுக்கு நம் மண்ணில் தோன்றிய மரமன்று. 19ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜின்களின் விறகுத் தேவைக்காகச் சென்னைக் கடற்கரையில் பரப்பப்பட்டது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், வேறு பயிர் தயங்கும் மணலிலும் அது வளர்கிறது. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். வெட்டிய இடத்திலேயே தரம் பிரித்து, நேரான கழிகளைப் பந்தலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் ஒதுக்குகிறார்கள். பட்டை உரித்த கட்டைகள் டன் கணக்கில் எடைபோடப்பட்டுக் காகித ஆலைக்குப் போகின்றன. எஞ்சும் மிலாறு, அதாவது சிறு கிளைகள், அடுப்புக்கு. காடு சார்ந்த தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளை இயன்றவரை விவசாயிகளுடன் நேரடித் தொடர்பு வைத்து விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை சொன்னதும் இதைத்தான். கட்டுபடியாகும் விலை கிடைக்கும்வரையில்தான் விவசாயி சவுக்கு நடுவார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி, கரும்புச் சக்கை. 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் அந்தச் சக்கையைக் கொண்டே காகிதம் செய்யத் தொடங்கியது. ஆனால், சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தான் கொதிகலனில் எரித்து வந்தன. அதை வாங்கிக்கொள்வதற்கு ஈடாக அவற்றுக்கு நிலக்கரி போன்ற மாற்று எரிபொருள் தர வேண்டியிருந்தது. மரம் தப்பியது, அதற்குப் பதிலாக நிலக்கரி எரிந்தது. இப்படிப்பட்ட பண்டமாற்றுகளை மறைத்துவிட்டு எதையும் 'பசுமை' என்று விற்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை): அப்படியானால் புல்வெளி, தரிசு எல்லாவற்றிலும் மரம் நட்டுவிடலாமே?

பதில்: வேண்டாம், ஐயா. அந்தத் தவற்றை நீலகிரியில் செய்து பார்த்தாயிற்று. மேல்மலையின் இயற்கை, மடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்வெளியும் என்று அமைந்தது. அந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று கருதி, விறகுக்காகக் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை எனப்படும் வாட்டிலையும் ஆங்கிலேயர் காலம் தொட்டு நட்டார்கள். விடுதலைக்குப் பின் ஆலைத் தேவைக்காக அது இன்னும் விரிந்தது. வாட்டில் தானாகவே பரவிப் புல்லை மூடியது. மேய இடம் சுருங்கியதில் இழப்பு வரையாட்டுக்கு. நட்ட மரத்தை அகற்றவே இப்போது செலவு செய்துகொண்டிருக்கிறோம். தரிசு என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதியிருப்பது, அங்கே ஒன்றும் வாழவில்லை என்பதற்கு அத்தாட்சி அன்று.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): உற்பத்தியைக் குறைக்காமலே காடழிப்பைக் குறைத்த நாடு உண்டா?

பதில்: பிரேசில், சில ஆண்டுகளுக்கு. அமேசானில் 2004இல் சுமார் 27,800 சதுர கி.மீ. ஆக இருந்த காடழிப்பு 2012இல் சுமார் 4,600 ஆக இறங்கியது. அதே காலத்தில் சோயா விளைச்சல் பெருகவே செய்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பும், புதிதாக அழித்த அமேசான் காட்டில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் வணிகர்கள் செய்துகொண்ட உடன்பாடும் இதற்குக் கைகொடுத்தன. உங்கள் துறைக்கும் இதில் பங்குண்டு: சுற்றுச்சூழல் விதிகளைப் பின்பற்றாத அமேசான் பண்ணைகளுக்கு வேளாண் கடன் கிடையாது என்று 2008இல் விதி வந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் 2021இல் அழிவு மீண்டும் 13,000 சதுர கி.மீ. அளவுக்கு ஏறியது. அந்த உடன்பாடு அமேசானுக்கு மட்டுமே என்பதால், பக்கத்திலுள்ள, மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளியான செர்ராடோ சவன்னாவில் உழவு தொடர்ந்தது.