சிவப்புத் தட்டான் ஆணா, மஞ்சள் தட்டான் பெண்ணா?

குளத்தோரம் ஒன்றாகப் பறக்கும் சிவப்பு, மஞ்சள் தட்டான்கள் ஒரே இனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். நம் ஊர்க் குட்டைகளில் சாதாரணமாகத் தென்படும் டிரித்தெமிஸ் அரோரா என்ற தட்டான் இனத்தில் வளர்ந்த ஆண் ரோஜா கலந்த சிவப்பு, பெண் மஞ்சள் கலந்த பழுப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இளம் ஆணும் பெண்ணைப் போல மஞ்சளாகத்தான் இருக்கும். பச்சையும் கறுப்புமாக இருக்கும் ஆர்த்தெட்ரம் சபீனா என்ற இனத்திலோ ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே சாயல்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? வாலைத்தான். அது உண்மையில் வயிறு, 10 கண்டங்கள் (வளையம் போன்ற துண்டுகள்) கொண்டது. ஆணுக்கு அதன் நுனியில் இடுக்கி மாதிரி கொக்கிகள் இருக்கும். இணை சேரும்போது பெண்ணின் தலையை அதால்தான் பிடித்துக்கொள்ளும். அப்புறம், இறக்கைக்குச் சற்றுப் பின்னால், இரண்டாம் கண்டத்தின் அடியில் சிறு புடைப்பு தெரிந்தால் அது ஆண். பெண்ணுக்கு அந்த இடம் மழமழவென்று இருக்கும்.

இதைப் பார்க்கப் படம் எடுப்பதானால் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்துவிட்டு நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தால் சந்தேகமே வேண்டாம், முட்டையிடும் பெண்தான்.